பன்னிரண்டாம் கட்டில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை மடக்கிப் பிடித்ததாகப் பெருமைப்படக்கூடாது. நான் குடிகாரன். இப்போது குடிப்பதில்லை, வருசங்கள் ஆயிற்று, ஆனாலும் குடிகாரன்தான். கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் விசாரித்தால் அங்கேயும் சொல்லுவேன். மனிசி முழங்கையால் இடிப்பாள். இடிக்கட்டும். இந்த ஒரு வசனத்தை வாய் திறந்து சொல்லப் பழகுவதற்கு நான் அரசாங்கத்தின் கட்டிலில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கிறேன். அதைச் சும்மா விடமுடியுமா?

வெங்காயமும் மிளகாயும் பொன்விலைக்குப் போன காலம் அது. வெளிநாட்டிலிருந்து ஒன்றும் வராதென்று அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்தது. எங்கள் புத்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் எதை நட்டாலும் அடுத்த போகத்தில் மோட்டார் சைக்கிளாக முளைத்தது. நான் மட்டும் தோட்டத்துக்குப் போகாமல், யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். காலையில் நான் பஸ்ஸைப் பிடிப்பேன். பின்னேரம் தவறணையில் கள்ளுக் குடித்துவிட்டுத் திரும்பும்போது பஸ்தான் என்னைப் பிடித்துக்கொண்டு வரும். ஒருநாள் கந்தோரில் கையெழுத்துப் போட எடுத்த பேனை கடதாசியில் நில்லாமல் மேசை முழுக்க ஊர்ந்தது. பெரிய கிளாக்கர் அதைப் பார்த்துவிட்டு, "ஐசே, உமக்குச் சுகமில்லைப்போலை" என்றார். அவருடைய வாயிலிருந்து வந்த 'சுகமில்லை' என்ற சொல்லை நான் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

வழியைக் கண்டுபிடித்தவள் மனிசி. சாவகச்சேரி தாண்டி உள்ளுக்குப் போகிற வீதியில் சின்ன அரசாங்க ஆசுபத்திரி ஒன்று இருந்தது. பேர் சொல்லமாட்டேன், அங்கே கிடந்தவர்களில் பாதிப்பேர் இன்று பெரிய மனிதர்கள். புத்தூர் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்த வைத்தியம். வீட்டாருக்கும் ஊருக்கும் 'கந்தோர் விசயமாய்க் கொழும்பிலே ஆறு கிழமைப் பயிற்சி' என்று சொன்னோம். கொழும்பிலிருந்த சிநேகிதன் ஒருவனுக்கு நான் கடிதங்களை அனுப்புவேன். அவன் அங்கிருந்து முத்திரை ஒட்டி ஊருக்கு அனுப்புவான். காலிமுகத்திடல் கடற்காற்று உடம்புக்கு நல்லாய்ப் பிடிக்கிறதென்று இந்தத் தென்மராட்சி வெயிலில் கிடந்துகொண்டு எழுதினேன். மாமியார் வாசித்துவிட்டு அழுதாராம்.

அந்த ஆசுபத்திரியின் பின்பக்கத்து மண்டபத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். டொக்டர் கொழும்பிடம் இரண்டு வாட்டு கேட்டிருந்தார்: எழும்பமுடியாமல் வருசக்கணக்காய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஒன்று, குடியை விட வருபவர்களுக்கு ஒன்று. இரண்டுமே அப்போது யாரும் கேட்காத சாமான்கள். பிரசவ வாட்டுக்குத் திறப்புவிழா வைக்கலாம், படம் பிடிக்கலாம். வெறிக்குட்டிகளுக்கு வாட்டு கட்டினால் எந்த மந்திரி வந்து நாடா வெட்டுவார்? ஆறு வருசம் எழுதியெழுதி ஒரேயொரு மண்டபத்துக்குச் சம்மதம் வந்தது. டொக்டர் நடுவிலே இடுப்பளவுக்கு ஒரு சுவரை எழுப்பி, இரண்டு வாட்டு என்று பலகை மாட்டிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் எழும்பமுடியாதவர்கள் பத்துப்பேர். இந்தப் பக்கம் படுக்கமுடியாதவர்கள் பன்னிரண்டுபேர். எனக்குக் கிடைத்தது பன்னிரண்டாம் கட்டில், வீதி யன்னலோரம். சந்தைக்குப் போகும் பஸ் ஒவ்வொரு தடவையும் அந்த யன்னலைத் தாண்டும்போது நான் பேப்பரை விரித்து முகத்தை மூடுவேன். ஒருநாள் பேப்பரைத் தலைகீழாய்ப் பிடித்திருந்ததை மிஸ்ஸி கண்டுபிடித்தார்.

மிஸ்ஸி என்றால் எங்கள் பக்கத்தில் ஆசுபத்திரித் தாதி. இந்த மிஸ்ஸி அந்த மண்டபத்தின் சட்டமும் நீதிமன்றமும். ஊசி, குளிசை, கஞ்சி எல்லாம் டொக்டர் எழுதுவார். ஆனால் ஒருவன் வீட்டுக்குப் போகலாமா என்பதை முடிவுசெய்வது மிஸ்ஸி. அதற்கு ஒரு பரீட்சை இருந்தது. வெறிக்குட்டி ஒவ்வொருவனுக்கும் சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு ஆள்; ஆள் போதாவிட்டால் இரண்டுபேருக்கு ஒருவர். காலையில் அவருக்கு முகம் துடைப்பது, சரித்துப் படுக்கவைப்பது, கஞ்சி பருக்குவது எல்லாம் அவன் பாடு. கடைசியாக முகச்சவரம். முதல் கிழமை சவர்க்காரம் நுரைக்கவிட மட்டும் அனுமதி. இரண்டாம் கிழமை தூரிகை. பிறகு மடக்குக்கத்தியால் கன்னம். எல்லாவற்றுக்கும் பிறகு தொண்டை. ஒரு கீறலும் இல்லாமல் தொண்டையை முடித்தால் மிஸ்ஸி தன் புறங்கையால் அந்த ஆளின் தாடையைத் தடவிப் பார்த்து, "நாளைக்குப் போகலாம்" என்பார். கீறல் விழுந்தால் இன்னும் பத்து நாள். வேறு எந்த மருந்தும் எங்கள் கையை அப்படி நிறுத்தியதில்லை.

இதை வாசிக்கிற வெளியூர்க்காரர் சிரித்துவிட்டுப் போவார். எங்கள் ஊர்க்காரருக்கு மட்டும் இதில் ஒரு முள் தெரியும். எங்கள் ஊரில் சவரக்கத்தி பிடிக்கிறவர் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுக்கவேண்டும். அப்படி அவரை வெளியே நிறுத்திவைத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளையான நான் இப்போது கத்தியும் கிண்ணமுமாய் நிற்கிறேன், அதுவும் எங்கள் வீட்டார் சரிசமமாய் இருத்தாத ஒரு கடற்கரை ஆளுக்கு முன்னால். எனக்கு வந்த முதல் பயம் அவருடைய கழுத்து வெட்டுப்படும் என்பதல்ல. யாராவது கண்டுவிடுவார்கள் என்பது. வெட்கமாய்த்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் வைக்கவேண்டும்.

என் ஆள் ஒரு தண்டையல். வடகரையிலிருந்து பாய்க்கப்பல் ஓட்டிக்கொண்டு வங்காளக் கடல் முழுக்கத் திரிந்த தலைவனுக்கு அந்தப் பேர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நாக்கு மட்டும் விழவில்லை. மனைவி இல்லை. இரண்டு மகன்மாரும் அந்நியக் கப்பல்களில் போனவர்கள், எந்தத் துறைமுகம் என்று தெரியாது. கடற்கரையில் வலை வைக்கிற வாடியொன்றில், ஈரவலைக்கு நடுவே கிடந்தவரைத்தான் அக்கம்பக்கத்தார் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே போட்டார்கள். நான் போனபோது அவர் அந்தக் கட்டிலில் நாலாம் வருசம்.

"என்ன கிளாக்கர், கை இண்டைக்கு என்ன சொல்லுது?" என்று ஒவ்வொரு காலையும் கேட்பார்.

"கொஞ்சம் சலசலப்பாய்க் கிடக்கு, அப்பு."

"தென்மேற்கிலை இருந்து அடிக்கிற சோளகக் காத்து. கத்தியைக் கன்னத்திலை ஊண்டாதை, சும்மா மிதக்கவிடு. என்ரை கழுத்து எங்கையும் ஓடாது."

இப்படியே நாலாம் கிழமை நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது.

கொழும்பிலிருந்து வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. டொக்டருக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. ஆசுபத்திரி முழுக்க வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சிங்களம் மட்டுமே அரசாங்க மொழி என்ற சட்டம் வந்தபிறகு, சிங்களம் படித்துப் பாஸ் பண்ணினால்தான் சம்பளம் ஏறும் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். படித்தது முழுக்கக் கந்தோர்ச் சிங்களம்: 'தங்கள் மேலான கவனத்துக்கு', 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'. அந்தச் சிங்களத்தில் ஒரு தேத்தண்ணி கேட்கவும் எனக்குத் தெரியாது.

டொக்டரின் அறையில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு போய் இருந்து, பெரிய எடுப்பில் வாசித்தேன். மண்டபம் முழுதாகப் பயன்படுகிறதா என்று பார்க்க மேலதிகாரி ஒருவர் வருவாராம். பயன்படவில்லை என்று கண்டால், லொறி ஏறும் வீதிக்குக் கிட்ட இருப்பதால், அதை விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு வெங்காயக் களஞ்சியமாய்க் கொடுக்கிற யோசனை இருக்கிறதாம். நெடுநாள் நோயாளரை அவரவர் வீடுகளுக்கு அனுப்பலாமாம். சங்கத் தலைவரும் அதிகாரியோடு வருவாராம். வசதியான திகதியொன்றை அறிவிக்கவேண்டுமாம்.

சங்கத்தின் பேரை வாசித்ததும் என் குரல் நின்றுவிட்டது. அதன் தலைவர் என் மச்சான். மனிசியின் கூடப்பிறந்த தமையன். நான் கொழும்பில் நிற்பதாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறவர்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டியள்?" என்றார் டொக்டர்.

"எழுத்துத் தெளிவில்லை, டொக்டர்."

டொக்டர் என்னிடமே சொன்னார்: "அப்ப நீங்களே ஒரு நல்ல நாளாய்ப் பாத்து எழுதிவிடுங்கோ."

பார்த்தேன். என் மூளை அப்படி வேலை செய்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை. ஆறு கிழமை முடிந்து நான் வெளியே போய் ஐந்தாம் நாள் என்று கணித்தேன். மச்சான் எவ்வளவு வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும். நான் கொழும்பிலிருந்து 'திரும்பி' வீட்டு மாமரத்தின் கீழே இருப்பேன். பஞ்சாங்கத்தை எடுத்து ராகுகாலமும் பார்த்தேன். பத்தரைக்கு முந்தி வந்தால் எல்லாம் நலம். அன்றே கடிதத்தை எழுதித் தபாலில் போட்டுவிட்டு, நிம்மதியாய்ப் பாண் சாப்பிட்டேன்.

பஞ்சாங்கத்தின் அதே பக்கத்தில், என் பெருவிரலுக்குக் கீழே, கொட்டை எழுத்தில் நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேற்றம் என்று இருந்திருக்கிறது. ராகுகாலம் தேடுகிறவன் கண்ணில் அது படவில்லை. நான் பார்த்துவைத்த நாள் அந்தத் திருவிழாவின் நட்டநடுவில் வந்து விழுந்தது.

இதில் என்ன என்று கேட்பீர்கள். கொடி ஏறினால் இருபத்தைந்து நாளைக்கு யாழ்ப்பாணத்தில் சைவக் குடிகாரன் ஒருத்தனும் குடிக்கமாட்டான். மச்சமில்லை, மாமிசமில்லை, ஒரு சொட்டுமில்லை. தவறணைக்காரன் ஆட்கள் இருந்து குடிக்கிற வாங்கைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தானும் காவடி எடுக்கப் போய்விடுவான். வருசம் முழுக்க வெறியில் கிடந்த நானே அந்த இருபத்தைந்து நாளும் வீபூதியும் வேட்டியுமாய்த் திரிந்தவன். அப்படியிருந்தும் மறந்தேன். பயம் வந்தால் சாமியும் மறந்துவிடும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

கொடியேற்றத்தன்று விடிய, எங்கள் பக்கத்துப் பதினொருபேரும் குளித்து வீபூதி பூசிக்கொண்டு பைகளோடு நிரையாய் நின்றார்கள்.

"டொக்டர், கொடி ஏறுது. இனி நாங்கள் தொடமாட்டம். பிறகேன் இஞ்சை கிடப்பான்?"

"இருபத்தாறாம் நாள்?"

"அதை அப்ப பாப்பம்."

மிஸ்ஸி வேலைக்கு வரமுதலே எல்லோரும் போய்விட்டார்கள். நானும் பையைக் கட்டினேன். மிஸ்ஸி வாசலில் நின்றுகொண்டு, "பரீட்சை எழுதிப்போட்டுப் போங்கோ" என்றார். தண்டையலின் தொண்டையில் பாதிவழியில், நான் போகவேண்டிய பஸ்ஸின் கோர்ன் சத்தம் கேட்டது. கை துள்ளிற்று. தாடைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு.

"பத்து நாள்" என்றார் மிஸ்ஸி.

விரலில் எண்ணிப் பார்த்தேன். அதிகாரி வரும் நாள் அந்தப் பத்துக்குள் இருந்தது. நாளை மாற்றித் தரும்படி தந்தி அடித்தோம்; பதில் வரவில்லை. டொக்டர் என்னை ஏசவில்லை. "ராகுகாலம் பாத்த நாள்தானே?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருக்கலாம்.

அதிகாரி வருகிற நாள் காலை எனக்கு வந்த பயத்தை இப்போது நினைத்தாலும் வயிறு குலுங்குகிறது, சிரிப்பினால்தான். முதலில் காய்ச்சல் என்று படுத்தேன். மிஸ்ஸி காய்ச்சல் பார்த்துவிட்டு, "வடிவான உடம்பு" என்றார். பிறகு கக்கூசுக்குள் போய்க் கொண்டி போட்டேன். பத்து நிமிசத்தில் இலையான் மொய்த்து என்னை வெளியே துரத்திற்று. பிறகுதான் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டால் பாவமும் பயமும் சேர்ந்து போகும் என்று ஒரு எண்ணம் வந்து, பையோடு வீதிக்கு ஓடினேன். பஸ்ஸுக்குக் கை காட்டினேன். பஸ் என்று நான் கை காட்டியது சங்கத்து லொறி. முன் சீற்றில், சாரதிக்குப் பக்கத்தில், வேட்டி சால்வையோடு என் மச்சான். வெங்காயத்தை அன்றைக்கே இறக்குவதாய் வந்திருப்பார்போல.

அவர் என்னைக் காணவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி ஓடி, கிடுகுவேலியில் நாய் போய்வருகிற பொட்டுக்குள்ளால் நுழைந்தேன். நான் நுழைந்தேன், சாரம் நுழையவில்லை. அதை இழுத்தெடுத்துக் கட்டிக்கொண்டு, பின்கதவால் மண்டபத்துக்குள் விழுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் பாய்ந்து, தண்டையலுக்குப் பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த உபரிக் கட்டிலில் ஏறிப் போர்வையால் தலையை மூடிக்கொண்டேன்.

"உனக்கும் பாரிசவாதமோ?" என்றது பக்கத்துக் கட்டில்.

"அப்பு, சத்தம் போடாதையுங்கோ. என்ரை மச்சான் வாறார்."

"கொம்பு இருக்கோ அவருக்கு?"

டொக்டர், மிஸ்ஸி, மச்சான், கொழும்பு அதிகாரி நாலுபேரும் உள்ளே வந்தார்கள். போர்வையில் ஒரு ஓட்டை இருந்தது, அரசாங்கப் போர்வைதானே. அதற்குள்ளால் பார்த்தேன். அதிகாரி நரைத்த, களைத்த மனிதர், கையில் தொப்பி. வரிசையாய் வெறுங்கட்டில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பன்னிரண்டாவதில் மட்டும் ஒரு தலைகீழ்ப் பேப்பர் கிடந்தது. டொக்டர் விரதத்தைப் பற்றி விளங்கப்படுத்தினார். அது ஆங்கிலத்தில் எடுபடவில்லை. 'வருசத்தில் இருபத்தைந்து நாள் கடவுளுக்காகத் தாங்களே விட்டுவிடுவார்கள்' என்று சொன்னால், 'அப்படியென்றால் மிச்ச நாளும் விடலாமே' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மச்சான் விடவில்லை. தமிழிலேயே முழங்கினார். "டொக்டர், ஐயாவுக்குச் சொல்லுங்கோ. எங்கடை சனம் விரதம் பிடிக்கிற சனம். இஞ்சை வெறிக்குட்டியள் எண்டு ஒருத்தரும் இல்லை. என்ரை குடும்பத்திலை பாருங்கோ, ஒருத்தன் தொட்டிருப்பானோ?"

போர்வைக்குள் எனக்கு இருமல் வந்தது. விழுங்கினேன்.

அதிகாரி டொக்டரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். டொக்டர் யன்னலைப் பார்த்தார். தண்டையலுக்குக் கொழும்புத் துறைமுகத்துச் சிங்களம் கொஞ்சம் பிடிபடும். அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

"கிளாக்கர், எங்களை அனுப்பப் போறாங்களாமோ?"

"ஓம் அப்பு."

"எங்கை?"

"வீட்டை."

"எந்த வீட்டை?"

ஆறு கிழமைக்கு மேலாய் அவர் என்னிடம் சிரிப்பில்லாமல் கேட்ட முதல் கேள்வி அது. அவருடைய வாடியின் கூரை போன மாரியில் பறந்துவிட்டதென்று யாரோ வந்து சொன்னதை நானும் கேட்டிருந்தேன். பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம் வரும். குடித்தால்தான் கோபம் வரும் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். பச்சைத்தண்ணியிலும் வந்தது.

போர்வையை எறிந்துவிட்டு எழும்பினேன். மச்சானின் வாய் திறந்தது, மூடவில்லை. நான் அவரைப் பார்க்காமல் நேரே அதிகாரியிடம் போய், எனக்குத் தெரிந்த ஒரே சிங்களத்தில் சொன்னேன். அதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: "தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் கொண்டுவருவது யாதெனில், கீழே கையொப்பமிட்டுள்ள நான் ஒரு குடிகாரன். மேற்படி பன்னிரண்டாம் கட்டில் என்னுடையது. ஏனைய பதினொருவரும் திருவிழா முடிந்ததும் திரும்பவும் விண்ணப்பிப்பர் என்பதைப் பணிவுடன் உறுதிப்படுத்துகிறேன்."

அதிகாரி என் சாரத்தைப் பார்த்தார். அது வேலியில் கிழிந்திருந்தது.

அதுவரைக்கும் வலி இல்லை. வேற்றுப்பாசையில், வேற்று மனிதனிடம் எதையும் சொல்லிவிடலாம். உரித்துப் போட்ட சட்டை மாதிரி அது நம்மோடு ஒட்டாது. ஆனால் மச்சானுக்குச் சிங்களம் தெரியாது.

"நீர் கொழும்பிலை எல்லோ நிக்கிறீர்?" என்றார். "என்ன காணும் இது? என்ன சொன்னனீர் இப்ப அவருக்கு?"

ஒரு பொய்க்கு அங்கே இடம் இருந்தது. கந்தோர் வேலையாய் அதிகாரியோடு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். மச்சான் நம்பியிருப்பார், நம்பவே விரும்பினார். டொக்டர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்துநின்றார்.

"மச்சான், நான் வெறிக்குட்டி" என்றேன். "கொழும்புக்குப் போகேல்லை. ஆறு கிழமைக்கு மேலாய் இந்தக் கட்டிலிலைதான் கிடக்கிறன். நீர் வெங்காயம் அடுக்க வந்த கட்டில்."

"கதையாதையும்! ஆக்கள் கேக்கப்போகினம்."

"கேக்கட்டும். யன்னலைத் துறந்துவிடுறன், வீதிக்கும் கேக்கட்டும்."

திறந்தும் விட்டேன். வீதியில் ஒரு கிழவி மாம்பழக் கடகத்தோடு போய்க்கொண்டிருந்தார். திரும்பியும் பார்க்கவில்லை. இத்தனை நாள் நான் பயந்து செத்த அந்த உலகம் தன் மாம்பழத்தைக் கொண்டு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கிளாக்கர்!" என்று அப்போது தண்டையல் கூப்பிட்டார். "ஊர்வம்பு போதும். என்ரை முகம் சொறியுது. ஆர் சவரம் எடுக்கிறது?"

கிண்ணத்தையும் கத்தியையும் எடுத்தேன். மச்சான் ஒரு அடி பின்னுக்குப் போனார். நான் குடிகாரன் என்றபோது கூட அப்படிப் போகவில்லை. "சவரக்கத்தியோ?" என்றார். "எங்கடை வீட்டு மருமோன் சவரக்கத்தியோ கையிலை? அதுவும் ஆருக்கு?"

"படுத்துக் கிடக்கிற ஒரு மனிசனுக்கு" என்றேன். "பாத்துக்கொண்டு நில்லும். வடிவாய்ப் பாத்துப் பழகும். உமக்கும் உதவும்."

நுரை பூசினேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கத்தி நுனியில் வெயில் பட்டுச் சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டுப் பைத்தியம் மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது. தண்டையல் அதைப் பார்த்துக்கொண்டே தாடையை எனக்கு நிமிர்த்தித் தந்தார். கன்னம் போயிற்று. மற்றக் கன்னம் போயிற்று.

தொண்டையில் கத்தி இருக்கும்போது அவர் கதைக்கத் தொடங்கினார். "அந்த மனிசனிட்டை ஒண்டு கேளடா. வெளிச்சவீட்டைப் பகலிலை வந்து பாத்துப்போட்டு, எரியேல்லை எண்டு இடிக்கிறதோ எண்டு கேள்."

"அப்பு, கத்தி கிடக்கு. கதையாதையுங்கோ."

"கத்தி கிடந்தால் உனக்குத்தானே பயம். கேளடா."

மொழிபெயர்த்தேன். வெளிச்சவீட்டுக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று தெரியவில்லை. எந்தப் பரீட்சையிலும் அதைக் கேட்கவில்லை. 'கடற்கரையில் அமைந்துள்ள, விளக்கு பொருத்தப்பட்ட மேற்படி கட்டடம்' என்றேன். அதிகாரி அதற்குரிய சொல்லை மெதுவாய் எடுத்துத் தந்தார். அதை வைத்து வசனத்தை முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையிலிருந்த தொப்பியை வெறுங்கட்டில் ஒன்றில் வைத்துவிட்டு நேராய் நின்றார்.

கடைசி இழுவை. மிஸ்ஸி குனிந்து, புறங்கையால் தாடையைத் தடவினார். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். கடுகளவு இரத்தம்.

"கீறல்" என்றார். "இன்னும் பத்து நாள்."

அதிகாரி என்னவென்று கேட்டார். நான் பாஸ் பண்ணவில்லை என்பதை நானே, தாழ்மையுடன், மொழிபெயர்க்கவேண்டி வந்தது. கொழும்பு அதிகாரி ஒருவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: திருவிழா முடிந்தபிறகு ஒருநாள் வருவேன், திகதி அறிவிக்கமாட்டேன். இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

மச்சான் வெங்காயத்தை இறக்காமலே லொறியில் ஏறினார்.

தேர் ஓடிற்று. தீர்த்தம் முடிந்தது. இருபத்தாறாம் நாள் பின்னேரம் தவறணைகளில் இரண்டாம் தேர் ஓடியிருக்கும். ஒரு கிழமைக்குள் பதினொருபேரில் ஒன்பதுபேர் வந்துவிட்டார்கள், புதிதாய் ஐந்துபேர். என் கட்டில் போக, மூன்றுபேருக்குப் பாய் விரித்தோம். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். "நிமிந்து வாங்கோடா" என்று நான் வாசலில் நின்று கத்தினேன். "ஆசுபத்திரிக்குத்தானே வாறியள், விலங்கு போட்டு மறியலுக்கே போறியள்?"

அதிகாரி சொன்னபடி வந்தார், காலை ஏழு மணிக்கு, யாருக்கும் சொல்லாமல். உள்ளே வரவும் இல்லை. வாசலில் நின்று பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பத்துக் கட்டில்; ஒவ்வொன்றிலும் நுரை பூசிய ஒரு முகம்; ஒவ்வொரு முகத்துக்கும் மேலே நடுங்குகிற ஒரு கை. தண்டையல் இடக்கையைத் தூக்கி அவருக்குச் சலாம் போட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்தது, இந்தமுறை தமிழில் ஒரு பிரதியோடு. மண்டபம் மண்டபமாகவே இருக்கும்.

வெங்காயத்துக்கு வேறு இடம் கிடைத்தது. வெங்காயத்துக்கு எப்போதும் கிடைக்கும். இதைத்தான் நான் இன்றைக்கும் கந்தோர் கந்தோராய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு மண்டபத்தை இரண்டாய்ப் பிரித்து இரண்டு வாட்டு என்று பலகை மாட்டியிருக்கிறோமே, இரண்டாவதை எப்போது கட்டப்போகிறீர்கள் என்று வருசத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், மூன்று பாசையிலும். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். எனக்கும் அந்தப் பாசை தெரியும், நானும் கிளாக்கர்தான். மறுபடி எழுதுவேன். குடிகாரனுக்கும் கிடையில் கிடக்கிறவனுக்கும் கட்டில் கொடுப்பது தருமம் அல்ல, வீதி போடுவது மாதிரி ஒரு வேலை. வீதி போட்டதற்கு நான் யாருக்கும் கும்பிடு போட்டதில்லை.

மச்சான் மூன்று மாதம் எங்கள் படலை திறக்கவில்லை. பிறகு ஒருநாள் ஆசுபத்திரிக் குசினி வாசலில் ஒரு சாக்கு வெங்காயத்தை இறக்கிவிட்டுப் போனாராம், பேர் சொல்லாமல். சாக்கில் சங்கத்தின் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்துக்கே இந்த ஒளித்துவைக்கிற வேலை சரிவராது.

அந்தக் கீறலுக்குப் பிறகு கிடைத்த பத்து நாளையும் நான் வீணாக்கவில்லை. காலையில் கட்டிலை விட்டு, வாசலில் வீதிக்கு முகம் காட்டி ஒரு கதிரை போட்டுக்கொண்டு இருப்பேன். பேப்பர் இல்லை. சந்தை பஸ் வரும். யன்னலோரத்து முகங்கள் என்னைப் பார்க்கும், பிறகு எனக்கு மேலே உள்ள வாட்டுப் பலகையைப் பார்க்கும், பிறகு திரும்பவும் என்னைப் பார்க்கும். நான் கையைத் தூக்கி ஆட்டுவேன். அதில் எவ்வளவு நான் ஆட்டியது, எவ்வளவு தானாய் ஆடியது என்று எனக்கே தெரியாது. அந்தப் பத்தாம் நாளும் கீறல்தான் விழுந்தது.

"இன்னும் பத்து நாள்" என்றார் மிஸ்ஸி.

"நல்லது" என்றார் தண்டையல். "கட்டில் வெறுமையாய்க் கிடக்கக் கூடாது."